ஐந்து அந்தியாஸ் இரண்டாகிப் போனது ஏன்?

ஒருவர் கேட்ட கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீடு. நாலடி ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, சுமார் 400 லிட்டர். சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுப்பது), சில்லர் (தண்ணீரைக் குளிரவைப்பது) எல்லாம் உண்டு. மூன்று மாதத்துக்கு முன் லைர்டெயில் அந்தியாஸ் என்ற கடல்மீனில் ஓர் ஆணும் நாலு பெண்ணும் வாங்கி விட்டிருக்கிறார். இன்று மிச்சம் ஆணும் ஒரே ஒரு பெண்ணும். அந்தப் பெண்ணும் பகலெல்லாம் பாறைக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது. "தண்ணீர் டெஸ்ட் எல்லாம் சரியாக இருக்கிறது. வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு வேளை மைசிஸ் (இறால் போன்ற சின்ன உயிரி, உறைந்த உணவு) போடுகிறேன். இன்னும் நாலைந்து பெண் மீன் வாங்கிவிட்டால் ஆணின் அடி பிரிந்துபோய் எல்லாம் சமாதானமாகுமா?" என்று கேட்கிறார்.

இப்போதைக்கு ஒரு மீன்கூட வாங்காதீர்கள். வாங்கினால் அந்த நாலைந்தும் அதே வழியில்தான் போகும். இது உங்களைக் குத்துவதற்காகச் சொல்வதல்ல. நான் முதன்முதலில் டிஸ்பார் என்ற வகை அந்தியாஸ் ஏழு வாங்கினேன், ஐந்து மாதத்தில் ஒன்று மிஞ்சியது. அப்போது நானும் "ஆண் முரடு, கடைக்காரர் கெட்ட மீனைத் தலையில் கட்டிவிட்டார்" என்றுதான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

உங்கள் மீன்கள் எப்படிக் குறைந்தன என்று யோசித்துப் பாருங்கள். ஐந்தும் ஒரே நாளில் சாகவில்லை. முதலில் இருப்பதிலேயே சின்னது சாப்பாட்டுக்குக் கடைசியாக வர ஆரம்பித்திருக்கும். பிறகு வராமலே இருந்திருக்கும். ஒருநாள் தண்ணீர் வழிந்து சம்புக்குப் போகும் ஓவர்ஃப்ளோவில் கிடந்திருக்கும், அல்லது ஆளையே காணோம் என்று ஆகியிருக்கும். இரண்டு வாரம் கழித்து அடுத்த சின்னது. நம் கண்ணோ ஆணின் மேல்தான். அது ரோஜாவும் ஊதாவும் கலந்த நிறத்தில், முதுகுத் துடுப்பின் நீண்ட முள்ளைத் தூக்கிக்கொண்டு நடுத்தொட்டியில் ஆட்டம் போடும்போது மூலையில் இருக்கும் மீனை யார் பார்க்கிறார்கள்? ஆனால் அந்தியாஸ் கூட்டத்தின் நலத்தைச் சொல்வது அந்தக் கடைசி மீன்தான். அது வயிறு நிறையச் சாப்பிட்டு வெளியே நீந்தினால் கூட்டம் நன்றாக இருக்கிறது. அது ஒளிய ஆரம்பித்துவிட்டால், ஆண் எவ்வளவு பளபளத்தாலும் கூட்டம் கரையத் தொடங்கிவிட்டது.

இந்த மீன் கடலில் எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் தானாக விளங்கும். அந்தியாஸ் நம் களவா மீனுக்கு உறவு. நம்பவே முடியாது, ஆனால் நீண்டகாலமாக இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். களவா பொந்தில் படுத்துக்கொண்டு வாயைத் திறந்து பெரிய இரையாக ஒன்றை விழுங்கும், பிறகு சும்மா கிடக்கும். அந்தியாஸ் நேர் எதிர். பவளப்பாறையின் விளிம்பில், நீரோட்டம் வந்து மோதும் இடத்தில், தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை கோப்பிபாட் போன்ற மிதவை உயிரிகளை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். உங்களிடம் இருக்கும் லைர்டெயில் செங்கடலிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா, மாலத்தீவு, இலங்கை வழியாக ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு, ஜப்பான் வரை பரவியிருக்கும் மீன். எகிப்தின் ராஸ் முகமது பக்கம் முக்குளிப்பவர்கள் எடுக்கும் படங்களில் பாறைமேல் ஆரஞ்சு மேகம்போல் நிற்பது இதுதான். அந்தியாஸ் என்ற பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது, நம் அந்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் அந்த மேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தமிழ்ப் பொருளே பொருத்தமாகப் படும்.

ஒரு நாளில் பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப் பிறந்த மீனுக்கு நீங்கள் ஒரே வேளை போடுகிறீர்கள். அதாவது நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பட்டினி. நிறையப் போட்டால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. இவற்றின் குடல் பெரும் சாப்பாட்டைச் சேமித்து வைத்துக்கொள்ளும் வகையல்ல. அதோடு மீன் நிற்கவே நிற்காது, எந்நேரமும் நீந்திக்கொண்டே இருக்கும், செலவும் அதிகம். க்ளவுன் (கோமாளி மீன்) போன்றவை ஒரு வேளைச் சாப்பாட்டில் வருடக்கணக்கில் ஓட்டிவிடும். அந்தியாஸ் முதலில் தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றி, பிறகு வயிறு ஒட்டி, இரண்டு மூன்று மாதத்தில் போய்விடும். நீங்கள் சொன்ன கணக்கும் மூன்று மாதம்தான்.

பட்டினிக்கும் சண்டைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒரு வேளைச் சாப்பாட்டை ஓர் இடத்தில் கொட்டும்போது அந்த இடத்தை யார் பிடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அன்றைய உணவு. ஆணும் முதல் பெண்ணும் நடுவில் நிற்பார்கள். கடைசி மீன் விளிம்பில் நின்று சிதறலைப் பொறுக்கும். மெலிந்த மீன் மெதுவாக நீந்தும், மெதுவாக நீந்துவதைத் துரத்துவது எளிது, துரத்தப்படும் மீன் சாப்பிட வராது. இந்தச் சுழலுக்குள் ஒரு மீன் விழுந்தால் தானாக வெளியே வராது. அது போனபின் சுழலுக்கு அடுத்த மீன் வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குமேல் ஆண்-பெண் கதை இருக்கிறது. அந்தியாஸ் எல்லாம் பெண்ணாக வளர்ந்து, தேவைப்பட்டால் ஆணாக மாறும் மீன்கள். உங்கள் லைர்டெயிலை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆண் இருக்கும்வரை பெண் மாறாது, ஆணை எடுத்துவிட்டால் மாறும் என்று லெவ் ஃபிஷல்சன் 1970-ல் நேச்சர் இதழில் எழுதினார். பத்து ஆண்டு கழித்து டக்ளஸ் ஷபீரோ கடலிலேயே பெரிய கூட்டங்களிலிருந்து ஒரே நேரத்தில் நாலு முதல் ஒன்பது ஆண்களை எடுத்துப் பார்த்தார். எத்தனை ஆண் போனதோ ஏறத்தாழ அத்தனை பெண் ஆணாயின. அதுவும் ஒரே நேரத்தில் இல்லை, வரிசையில் நின்றதுபோல, சுமார் 2 நாள் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக. எனக்கு இதில் பிடித்த விஷயம் அந்த வரிசைதான். கூட்டத்தில் ஒவ்வொரு மீனுக்கும் தன் இடம் எது என்று ஏதோ ஒரு விதத்தில் தெரிந்திருக்கிறது.

ஆண் மேலெழும்பி, சடாரென்று கீழே பாய்ந்து, மறுபடி மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள், ஆங்கில 'யு' எழுத்துப் போல. அது வெறும் கோபமில்லை, பெண்களுக்கு முன்னால் போடும் ஆட்டம், "இங்கே ஆண் நான்தான்" என்ற அறிவிப்பு. கடலில் அது பல பெண்கள்மேல் பிரிகிறது. துரத்தப்பட்டதும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போனால் விஷயம் முடிந்தது. உங்கள் தொட்டியில் 120 சென்டிமீட்டரில் கண்ணாடி வந்துவிடுகிறது. இப்போது அவ்வளவு கவனமும் ஒரே பெண்ணின் மேல். அது ஒளியாமல் என்ன செய்யும்?

ஆகவே "பெண்கள் கூடினால் அடி பிரியும்" என்ற உங்கள் யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. சாப்பாடும் இடமும் சரியாக இருக்கும் தொட்டியில் அது வேலை செய்யும். இல்லாத தொட்டியில் அடியும் பிரியும், பசியும் பிரியும்.

சரி, சாப்பாடு. இதைத்தான் நீங்கள் முதலில் மாற்ற வேண்டும், மாற்றுவதும் எளிது. தானியங்கி ஊட்டி ஒன்று வாங்குங்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த, மெதுவாக மூழ்கும் பெல்லெட்டை (உலர்ந்த உணவு உருண்டை) அதில் போட்டு காலை எட்டிலிருந்து மாலை ஐந்துக்குள் நாலு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகை விழும்படி வையுங்கள். வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பு) பெல்லெட்டை அடித்துப் பரப்பும் இடத்தில் அது விழ வேண்டும், மூலையில் அல்ல. மேற்பரப்பில் மிதந்து நேரே ஓவர்ஃப்ளோவுக்குள் போய்விடாமல் இருக்க ஒரு மிதக்கும் வளையம் மாட்டிக்கொள்ளலாம். இதற்குமேல் நீங்கள் காலையில் கிளம்பும்போது ஒரு முறை, இரவு ஒரு முறை உறைந்த உணவு. மைசிஸ் நல்லதுதான், ஆனால் பெரிய மைசிஸ் சின்ன வாய்க்குள் போகாது. கலானஸ், சைக்ளாப்ஸ் என்ற கோப்பிபாட்கள், பதப்படுத்தாத மீன் சினை, இவற்றை மாற்றி மாற்றிக் கலந்து போடுங்கள். மீன் சினையில் கொழுப்பு அதிகம், மெலிந்த மீன் தேற அதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. சுஷிக்கு விற்கும் சினையை வாங்கிவிடாதீர்கள். அதில் உப்பு, சோயா, சாயம் எல்லாம் இருக்கும்.

பெல்லெட் தின்னாது என்று உடனே சொல்வார்கள். பிடித்து வந்த புதிதில் தின்னாதுதான். பெல்லெட்டை மைசிஸ் கரைந்த தண்ணீரில் ஊறவைத்து, மைசிஸோடு கலந்து, ஓட்டத்தில் விடுங்கள். இவை நகரும் துகளைக் கண்டு கொத்தும் மீன்கள். தரையில் கிடப்பதைக் குனிந்து பொறுக்காது. ஒரு மீன் விழுங்கிவிட்டால் மற்றவை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். லைர்டெயில் இதில் கெட்டிக்காரன். டிஸ்பாருக்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. எது எப்படியோ, உறைந்த உணவைப் போடும்போது மொத்தக் கட்டியையும் ஒரே இடத்தில் போடாமல் கரைத்து, சிரிஞ்சில் எடுத்து, தொட்டியின் இரண்டு முனைகளிலும் ஐந்து நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஆண் ஒரு முனையில் இருக்கும்போது மறுமுனையில் கடைசி மீனுக்கு வாய்ப்புக் கிடைக்கும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் என் தொட்டியில் வேறெதையும்விட இதுதான் அதிக உயிரைக் காப்பாற்றியது.

அடுத்து உங்கள் மனதில் நைட்ரேட் வந்திருக்கும். ஆறு வேளை போட்டால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறாதா? ஏறும். ஆனால் மொத்த அளவை ஆறு மடங்காக்கச் சொல்லவில்லை. இப்போது போடுவதைவிட ஒன்றரை மடங்கை ஆறாகப் பிரித்துப் போடுகிறீர்கள், அவ்வளவுதான். வயிற்றுக்குள் போகும் உணவு தண்ணீரை அவ்வளவு கெடுப்பதில்லை, பாறைக்கு நடுவில் அழுகுவதுதான் கெடுக்கும். ஸ்கிம்மரைத் தொட்டிக்குச் சொன்னதைவிட ஓர் அளவு பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பில் ஒரு பகுதியை ஒதுக்கி, கீட்டோ பாசி வளர்த்து, அதற்கு இரவில் விளக்குப் போடுங்கள். பாசி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுக்கும், அதன் இடுக்கில் கோப்பிபாட் பெருகி மேலே தொட்டிக்குப் போகும், இரவில் ஒளிச்சேர்க்கை நடப்பதால் பிஎச்சும் அதிகம் சரியாது. நைட்ரேட் 5-லிருந்து 15 பிபிஎம் வரை, பாஸ்பேட் 0.1 பிபிஎம்முக்குள் இருந்தால் பெரும்பாலான பவளங்கள் குறை சொல்லாது. எல்லாவற்றையும் பூஜ்ஜியத்தில் வைத்து, வெளுத்த அக்ரோபோராப் பவளமும் ஒட்டிய வயிறு அந்தியாஸுமாக வளர்ப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தியாஸ் வைத்திருப்பவர் கொஞ்சம் கொழுத்த தண்ணீருக்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

"தண்ணீர் டெஸ்ட் சரி" என்றீர்கள். நாம் டெஸ்ட் செய்யாத ஒன்று ஆக்ஸிஜன். ஓயாமல் நீந்தும் மீனுக்கு அது நிறைய வேண்டும், வெப்பம் ஏற ஏறத் தண்ணீர் அதைக் குறைவாகத்தான் பிடித்துவைக்கும். நம் ஊரில் சில்லர் இல்லாத தொட்டி மதியம் 30 டிகிரியைத் தாண்டிவிடும். உங்களிடம் சில்லர் இருக்கிறது, நல்லது, 25-26-ல் வைத்து அங்கேயே விடுங்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 28-க்கு ஏற்றுவது இந்த மீன் விஷயத்தில் தப்பான சிக்கனம். வேவ்மேக்கர் ஒன்றையாவது நீர்ப்பரப்பு நன்றாகக் குலுங்கும்படி திருப்பி வையுங்கள், இரவிலும் அதை முழுக்க நிறுத்தாதீர்கள். ஓட்டம் வலுவாக இருந்தால் மீன்கள் அதை எதிர்த்து நிற்பதிலேயே மும்முரமாக இருக்கும், ஒன்றையொன்று துரத்துவதும் குறையும். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி 1.025-1.026. குழாய்த் தண்ணீரில் குளோரமைன் இருப்பதால் ஆர்ஓ டிஐ வடிகட்டி இல்லாமல் உப்பு கலக்கவே கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பாறை அமைப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. அந்தியாஸ் பகலில் வெளியே இருந்தாலும் இரவில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பொந்தில் புகுந்து தூங்கும். ஐந்து மீனுக்கு ஐந்து பொந்து போதாது, பத்தாவது வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் வழி உள்ள பொந்துகள். ஒரே வாசல் உள்ள குகைக்குள் துரத்தப்பட்ட மீன் மாட்டிக்கொள்ளும். பாறையை நடுவில் ஒரே குவியலாக அடுக்கியிருந்தால் அதைப் பிரித்து இரண்டு தீவாக்குங்கள். ஆணின் கண்ணுக்கு ஒரு பக்கம் மறையட்டும். விளக்கும் பட்டென்று அணையக் கூடாது. அரைமணி நேரம் மங்கி அணைந்தால் எல்லாம் அமைதியாகப் படுக்கப் போகும். தொட்டிக்கு வலை மூடி போட்டிருக்கிறீர்களா என்று கேள்வியில் இல்லை. போடாவிட்டால் இன்றே போடுங்கள். காணாமல் போன மூன்றில் ஒன்றாவது அலமாரிக்குப் பின்னால் காய்ந்து கிடக்க வாய்ப்பு உண்டு. எனக்குச் சோபாவுக்கு அடியில் ஒன்று கிடைத்திருக்கிறது, அதுவும் எறும்பு சொல்லித்தான் தெரிந்தது.

இனி நோய். இதைக் கடைசியில் வைத்தாலும் இதுவும் நிறைய அந்தியாஸைக் கொல்கிறது. நீங்கள் கடையிலிருந்து நேரே தொட்டியில் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பலரும் அப்படித்தான். அடுத்த முறை வாங்கப்போகும் அத்தனையையும் ஒன்றாக, நாலு வாரம், தனித்தொட்டியில் வையுங்கள். 80-100 லிட்டர், ஒரு ஸ்பஞ்ச் ஃபில்டர், ஹீட்டருக்குப் பதில் நம் ஊரில் ஒரு சின்ன விசிறி, மீனுக்கு இரண்டு மடங்காகப் பிவிசி குழாய்த் துண்டுகள். மணலும் பாறையும் வேண்டாம். அம்மோனியா மட்டும் தினமும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கேயும் நாளுக்கு ஐந்து வேளை சாப்பாடு உண்டு.

அந்தியாஸுக்கு வருபவற்றில் நான் அதிகம் பயப்படுவது யூரோனிமா என்ற ஒட்டுண்ணி. விலாவில் செதில் கலைந்து, சிவந்து, புண்போலத் தெரியும். தெரிந்த இரண்டு மூன்று நாளில் மீன் போய்விடும். கிரிப்டோகாரியான் என்கிற வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணிக்கு மீன் வேண்டும். தொட்டியை மீனில்லாமல் பல வாரம் காலியாக விட்டால் அது அழிந்துபோகும். யூரோனிமாவுக்கு மீன் அவசியமே இல்லை. பாக்டீரியாவைத் தின்றுகொண்டே தொட்டியில் காலம் தள்ளும், மீன் களைத்திருந்தால் ஏறிக்கொள்ளும். உடலுக்குள் புகுந்தபின் வெளியே போடும் மருந்து எட்டுவது கடினம். ஆகவே அதற்கு எதிரான உண்மையான மருந்து களைக்காத, பசிக்காத மீன்தான். வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய் இன்னொரு எமன். புள்ளிகூடத் தெரியாது, உடம்பில் பொன்தூசி படிந்ததுபோல ஒரு மங்கல், மூச்சு மிக வேகம், மீன் நேராக வேவ்மேக்கரின் ஓட்டத்தில் போய் நிற்கும். இதற்கும் வெள்ளைப்புள்ளிக்கும் தனித்தொட்டியில் செம்பு மருந்து கொடுக்கலாம். ஆனால் அளவு பார்க்கும் கருவி கையில் இல்லாமல் செம்பைத் தொடாதீர்கள், இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றுங்கள், சாப்பிடுவதை நிறுத்தினால் ஏற்றுவதை நிறுத்துங்கள். ரீஃப் தொட்டிக்குள் செம்பு ஒரு சொட்டும் போகக் கூடாது, இறாலும் பவளமும் தாங்காது.

வாங்கும்போதே பாதி நோயைத் தவிர்க்கலாம். கடையில் நின்று சாப்பாடு போடச் சொல்லிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், நல்ல கடைக்காரர் சந்தோஷமாகப் போட்டுக் காட்டுவார். நடு ஆழத்தில் மற்றவற்றோடு நின்று கொத்தித் தின்னும் மீன் நல்ல மீன். மூலையில் தனியாக நிற்பது, கண் மங்கியது, தலைக்குப் பின்னால் கத்தி வைத்து வழித்ததுபோல் இருப்பது எல்லாம் வேண்டாம். வாலைத் தூக்கிக்கொண்டு தலைகீழாக நீந்தப் பாடுபடுகிறதா? அது ஆழத்திலிருந்து அவசரமாக மேலே கொண்டுவந்ததில் காற்றுப்பை கெட்ட மீன், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வந்து இறங்கி ஒரு வாரமாவது கடையில் இருந்த மீனாகப் பார்த்துக் கேளுங்கள்.

எந்த வகை வாங்குவது என்பதில் என் சொந்தச் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். லைர்டெயில் எதையும் தாங்கும், ஆனால் ஆண் 15 சென்டிமீட்டர் வரை வளரும், குணமும் கடுமை. நாலடிக்கு அது எல்லைக்கோட்டில் நிற்கிற மீன். பார்ட்லெட் அந்தியாஸ் 9 சென்டிமீட்டர்தான், மஞ்சளும் ஊதாவுமாக இருக்கும், கெட்டியான மீன். சண்டை அதிலும் உண்டு, ஆனால் உடம்பு சின்னது என்பதால் நாலடியில் சமாளிக்கலாம். டிஸ்பார் அமைதி, அழகு, ஆனால் சாப்பாட்டில் கை தளர்ந்தால் மன்னிக்காது. ஸ்கொயர் அந்தியாஸின் ஆணுக்கு உடம்பில் ரோஜா நிறச் சதுரம் ஒட்டிவைத்ததுபோல் இருக்கும், பார்த்தவுடன் மயங்கிவிடுவீர்கள். அது 20 சென்டிமீட்டர் வளரும், ஆறடித் தொட்டிக்காரர்களுக்கு விடுங்கள். பர்ப்பிள் குவீன் என்று விற்கும் இரண்டு வகைகளும் எவான்ஸ் அந்தியாஸும் கடையில் மலிவாகவே கிடைக்கும். மலிவுக்குக் காரணம் அவை எளிதில் கிடைப்பது, எளிதில் வாழ்வது அல்ல. நாள் முழுக்க ஓட்டத்தில் உணவு மிதக்கும் தொட்டி இல்லாதவரிடம் அவை பெரும்பாலும் மாதக்கணக்கில்தான் இருக்கும். கூட்டமே வேண்டாம், ஒரே ஒன்று போதும் என்று தோன்றினால் சன்பர்ஸ்ட் அந்தியாஸ் இருக்கிறது. குகைக் கூரைக்கு அடியில் தலைகீழாக நீந்திக்கொண்டு தன்பாட்டுக்கு வாழும்.

கூட இருப்பவர்களைப் பொறுத்தவரை க்ளவுன், கோபி, கார்டினல், சாதுவான ஃபேரி ராஸ் எல்லாம் சரி. டாட்டிபேக், பெரிய டாம்சல், கிளாத்தி வகைகள் வேண்டாம். பாசி மேயும் டாங் மீன் இருந்தால் அதற்கு நோரி என்ற கடற்பாசித் தாளைத் தனியாகக் கட்டிவிட்டு, அது அங்கே மும்முரமாக இருக்கும்போது அந்தியாஸுக்குப் போடுங்கள்.

இப்போது உங்கள் இரண்டு மீனுக்கு வருவோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆணைக் கொடுத்துவிடுவேன். தெரியும், அதைத்தான் ஆசையாக வாங்கியிருப்பீர்கள். ஆனால் மூன்று மாதம் அந்தத் தொட்டியைத் தனதாக்கிக்கொண்ட ஆண் அது, புதுப் பெண்களை உள்ளே விட்ட முதல் மணி நேரத்திலேயே வேலையைக் காட்டும். பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பருக்கோ, கடைக்கோ கொடுங்கள். பிடிப்பது கஷ்டம். சாப்பாட்டைப் பொறிப்பெட்டிக்குள் போட்டு, மூன்று நாலு நாள் பழக்கி, பிறகு கதவை இறக்குங்கள். வலையோடு துரத்தினால் பாறையெல்லாம் சரிந்து, பிடிபடுவது அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும்.

ஆண் போனபின் ஒளிந்திருக்கும் பெண்ணுக்கு ஒரு மாதம் கொடுங்கள். ஆறு வேளை, அதில் பாதி மீன் சினையும் கலானஸும். முதல் வாரத்திலேயே வெளியே வரும், மூன்றாம் வாரம் முதுகு நிரம்பும். அந்த நேரத்தில் அதைவிடச் சின்னதாக நாலு லைர்டெயில் பெண்களை வாங்கி, நாலையும் ஒன்றாகத் தனித்தொட்டியில் நாலு வாரம் வையுங்கள். ஆண் வாங்க வேண்டாம். பிறகு விளக்கு அணைகிற நேரத்தில் ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டியில் நாலையும் பெரிய தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். மூன்று நாலு நாள் பழையதும் புதியதும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளட்டும், இரண்டு பக்கமும் சாப்பிடட்டும். பழையது பெட்டியை முட்டுவதை நிறுத்தியபின் திறந்துவிடுங்கள். நாலும் ஒரே நேரத்தில் வெளியே போக வேண்டும். இன்று இரண்டு, அடுத்த மாதம் இரண்டு என்று தவணையில் விட்டால் தவணையில்தான் சாகும்.

அப்புறம் நடப்பது வேடிக்கை. மூன்று மாதம் அடிவாங்கிப் பாறைக்குப் பின்னால் கிடந்த அதே மீன், கூட்டத்தில் பெரியது என்பதால், நடத்தையில் முதலில் ஆணாகும். பெண்களுக்கு முன்னால் பாய்ந்து காட்டும். அதன்பின் சில வாரங்களில் ஆரஞ்சு மறைந்து ரோஜாவும் ஊதாவும் ஏறும், முதுகு முள் நீளும். ஆனபின் திரும்பப் பெண்ணாவதை நான் பார்த்ததில்லை. சின்ன மீன்களோடு சேர்ந்து வளர்ந்து ஆணாகிய மீன், கடையிலிருந்து ஆணாகவே வந்த மீனைவிட அடங்கியிருப்பது என் அனுபவம்.

துரத்தல் முழுக்க நிற்காது, நிற்கவும் வேண்டாம். ஒரு விநாடிப் பாய்ச்சல், துரத்தப்பட்டது ஒதுங்கி உடனே மறுபடி சாப்பிட வருகிறது என்றால் அது வீட்டுச் சண்டை. துடுப்பு கிழிகிறது, ஒரே மீன் திரும்பத் திரும்ப அடிபடுகிறது, சாப்பாட்டு நேரத்தில் நாலைத்தான் எண்ண முடிகிறது என்றால் அன்றே அடிக்கும் மீனை அக்ரிலிக் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். அடிவாங்குவதை அல்ல, அடிப்பதை. ஒரு வாரம் உள்ளே இருந்து வந்தால் அதன் இடம் கொஞ்சம் கலைந்திருக்கும். இரண்டாவது ஆண் உருவாகிறதா என்றும் பாருங்கள். ஓர் ஆண் இருக்கும்போதே வருடம் ஒன்றிரண்டு ஆனபின் அது நடக்கலாம், நாலடிக்குள் இரண்டு ஆண் ஓடாது, ஒன்று வெளியே போக வேண்டியதுதான். நிறம் நாளாக நாளாகக் கொஞ்சம் மங்குவதற்குப் பயப்படாதீர்கள். கோப்பிபாட்டிலும் சினையிலும் இருக்கும் அஸ்டாசாந்தின் என்ற நிறமி இந்தச் சிவப்புக்கு வேண்டும், அவற்றை விடாமல் போட்டால் பெரும்பகுதி நிற்கும்.

புது மீன்களைத் திறந்துவிட்டு ஆறு வாரம் ஆனபின் ஒரு படம் அனுப்புங்கள். ஆணின் படம் வேண்டாம், அதை எல்லோரும் எடுப்பார்கள். ஐந்தில் கடைசி எது என்று கண்டுபிடித்து, அதன் முதுகு தெரியும்படி மேலிருந்து ஒன்று எடுங்கள்.